ஆச்சி சொன்ன ஐந்து பொய்கள்

என் ஆச்சி ஞானத்தங்கம் முப்பத்தோரு வருடம் கபடி நடுவராக இருந்தாள். களத்தில் அவள் கொடுத்த ஒரு புள்ளியைக்கூடத் தவறென்று யாரும் நிரூபித்ததில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டினாளோ இல்லையோ, அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து ஒரு நேரான தகவல் வராது. இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டால் சாம்பார் என்பாள். மூடியைத் திறந்தால் சாளை மீன் மிதக்கும். ஏன் ஆச்சி இப்படி என்று கேட்டால், "நாள் பூரா உண்மையே சொல்லிட்டு வாறேன்லா, வாய் வலிக்குட்டி" என்பாள்.

எண்பத்து நான்காவது வயதில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, சுவர்த்திரையில் ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தின் நடுவரைத் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். அந்த நடுவர் ஓர் இயந்திரம். கால் கோட்டை மிதித்ததா இல்லையா என்பதை மயிரிழை சுத்தமாகச் சொல்லும். "அதுக்கு என்னத்த தெரியும்" என்பதுதான் அவள் கடைசியாகச் சொன்னது. பக்கத்தில் இருந்தது நான். அழுதேன். அப்புறம் அந்தக் கடைசி வார்த்தையை நினைத்துச் சிரித்தேன். இன்றுவரை இரண்டும் மாறி மாறி வருகிறது.

எங்களில் அதிகம் உடைந்துபோனது பியூலா அத்தை. ஆச்சியின் கடைக்குட்டி, அப்பாவின் தங்கை. சந்திரனில் சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று இருக்கும் மருத்துவமனையில் செவிலி. அங்கிருந்து பூமிக்கு வருடத்துக்கு இரண்டே கப்பல்கள். பாளையங்கோட்டைக் கல்லறையில் நடந்த அடக்கத்தை அவள் திரையில்தான் பார்த்தாள். எல்லாரும் ஒரு பிடி மண் போட்டு முடித்ததும், என் பங்குக்கும் ஒரு பிடி போட்டுரு ஹெப்சி என்றாள். போட்டேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அம்பதாவது நாள் நான் அங்க இருப்பேன். வீட்டுக்குள்ள நுழையும்போது அம்மா குரல்ல 'வந்துட்டியாட்டி'ன்னு ஒரு வார்த்தை கேக்கணும். அது போதும் எனக்கு."

இதற்குத்தான் நினைவுரு என்று ஒன்று இருக்கிறது. நிலைக்கண்ணாடி அளவுக்கு ஒரு பலகை. அதில் இறந்தவரின் முகம் தெரியும், குரல் வரும், கேட்டால் பதில் சொல்லும். ஆனால் நினைத்த மாத்திரத்தில் வாங்கி மாட்டிவிட முடியாது. வண்ணார்பேட்டையில் நினைவுப் பதிவகம் என்று ஓர் அலுவலகம் உண்டு. அங்கே பதிவாளராக இருந்தவர் முப்பிடாதி. வழித்துச் சீவிய தலை, கழுத்துப் பொத்தான்வரை போட்ட சட்டை, சிரிப்பதற்கு முன் அனுமதி கேட்பவர்போல் ஒரு முகம். நானும் அப்பாவும் போய் உட்கார்ந்ததும் அவர் விதிகளைச் சொன்னார்.

"முன்னாடியெல்லாம் இதுக்குச் சட்டம் கிடையாது. அவங்கவங்க இஷ்டத்துக்குச் சொல்லிக்குடுத்து உருவாக்கினாங்க. ஒரே தாத்தா, பெரியவன் வீட்டுக் கண்ணாடியில தோப்பு பெரியவனுக்குன்னு சொன்னாரு, சின்னவன் வீட்டுக் கண்ணாடியில சின்னவனுக்குன்னு சொன்னாரு. வெட்டுக் குத்து வரைக்கும் போச்சு. அதுக்கப்புறம்தான் ரெண்டு சாட்சி விதி வந்தது. அவங்களைப் பத்தி நீங்க சொல்ற ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ரெண்டு சாட்சி வேணும். தனித்தனியா சொல்லணும், ஒத்துப்போகணும்."

வீட்டுச் சுவர்களில்தான் பேச்செல்லாம் பதிவாகிறதே என்றேன். சுவர் குரலின் மாதிரியை மட்டும்தான் வைத்திருக்கும், பேசினதை வைத்திருக்கக் கூடாது, அந்தக் குரல் மாதிரியும் நாற்பத்தைந்து நாளில் அழிந்துவிடும் என்றார். அதற்குள் இரண்டு விசாரணை. இரண்டிலும் தேறாவிட்டால் அவ்வளவுதான்.

"அப்ப எனக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம்?"

"சட்டப்படி அது நடக்கலம்மா" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. விதியை மாற்றுகிற அளவுக்கு இல்லை.

முதல் விசாரணைக்கு ஐந்து பேர் போனோம். அப்பா தேவசகாயம், நான், என் தம்பி கிப்சன், காலமான பெரியப்பாவின் பிள்ளைகள் ஜெமிலாவும் ரூபனும். அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். மாமியாரைப் பற்றி மருமகள் சாட்சி சொன்னால் அது சாட்சியாக இருக்காது, வழக்காக இருக்கும் என்றாள்.

ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. அறைக்குள் ஒரு நாற்காலியும், கனிவாகக் கேள்வி கேட்கிற ஓர் இயந்திரமும். இரண்டு மணிநேரம் பேசினேன். விசில் ஊதி எங்களைச் சாப்பிடக் கூப்பிடுவாள் என்பதிலிருந்து, பல்செட்டைத் தேடி வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டு அதை வாயிலேயே வைத்திருந்தது வரைக்கும் எல்லாம் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

எனக்குப் பதினோரு வயதில் பள்ளி விளையாட்டு விழாவில் ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்தேன். கடைசி என்றால், அடுத்த பந்தயத்துக்குக் கோடு போடத் தொடங்கிய பிறகு வந்து சேர்ந்தேன். ஆச்சி என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். குனிந்து என் காதில் சொன்னாள்: "எனக்கு நீதாம்ட்டி உசத்தி. மத்தவங்ககிட்ட சொல்லிராத, சங்கடப்படுவாங்க."

இருபத்து மூன்று வருடம் யாரிடமும் சொல்லவில்லை. கிப்சனைப் பார்க்கும்போதெல்லாம் பாவமாக இருக்கும். அவனை ஆச்சி கொஞ்சும்போது, பாவம் சமாளிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். ஜெமிலாவுக்கு நான் விட்டுக்கொடுத்த சண்டைகள் எத்தனையோ. எல்லாம் இருப்பவள் இல்லாதவர்களிடம் கொஞ்சம் பெருந்தன்மையாகத்தானே இருக்க வேண்டும்? இந்தக் குடும்பத்தின் நிம்மதி என் வாயில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்பினேன். அதனால் இயந்திரத்திடமும் சொல்லவில்லை.

மறுநாள் முடிவு வந்தது. ஐந்து பேரும் சேர்ந்து முந்நூற்று நாற்பது நிகழ்ச்சிகள் சொல்லியிருந்தோம். இரண்டு சாட்சி தேறியவை பதினான்கு. மற்ற எல்லாவற்றிலும் ஆச்சி ஒவ்வொருவரிடமும் ஒவ்வொன்றாகச் சொல்லி வைத்திருந்தாள்.

முப்பிடாதி எங்களைக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார வைத்து, அந்தப் பதினான்கைக் கொண்டு உருவான ஆச்சியைக் காட்டினார். அதே முகம். இடது புருவத்துக்கு மேலே நெற்றியில் அதே பிறைத் தழும்பு. அதே கரகரத்த குரல்.

"காலைல இட்லி சாப்பிட்டேன். நல்லா இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போவேன்" என்றது.

ரூபன் மெதுவாக, இன்னைக்கு என்ன குழம்பு ஆச்சி என்று கேட்டான். சாம்பார் என்றது. அதன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, மூடியைத் திறந்தால் சாம்பார்தான் இருக்கும்.

"இது ஆச்சி இல்ல. ஆச்சியோட அடையாள அட்டை" என்றான் கிப்சன்.

வீட்டுக்குள் நுழைகிற பியூலா அத்தையிடம் இந்தப் பொம்மை இட்லி நல்லா இருந்துச்சு என்று சொல்லப்போகிறது. முப்பிடாதி முடிவுத்தாளின் கடைசி வரியில் விரலை வைத்தார். அங்கே 'பாசம்: சான்று இல்லை' என்று அச்சாகியிருந்தது.

"பத்தொம்பது வருசமா இந்த நாற்காலியில இருக்கேன். ரொம்பக் கொடுமைக்காரர்னு சொல்லப்பட்ட ஆளுக்குக்கூட இந்த வரி காலியா இருந்ததில்ல. உங்க அஞ்சு பேர்ல ஒருத்தர்கிட்டகூட அவங்க பிரியமா ஒரு வார்த்தை சொன்னதில்லையா?"

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். ஜெமிலா வளையலைத் திருகினாள். ரூபன் செருப்பைப் பார்த்தான். கிப்சன் இருமினான். ஐயோ, இவர்களிடம் சொல்ல ஒன்றுமே இல்லையே என்று எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்ததும் சண்டை. யார் சொன்னது உண்மை என்று ஆரம்பித்து நெற்றித் தழும்பில் வந்து நின்றது. தென்காசியில் நடந்த ஓர் ஆட்டத்தில் கபடி பாடிப்போன பெண்ணின் முழங்கை இடித்தது, பியூலா அத்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் இடுப்பில் வைத்துக்கொண்டே விசில் ஊதினாள் என்றான் கிப்சன். ஆட்டமும் இல்லை ஒன்றும் இல்லை, குற்றாலத்தில் கைக்குழந்தையாக இருந்த அத்தையின் தொப்பியைப் பிடுங்க வந்த குரங்கு கீறியது என்றாள் ஜெமிலா. பேருந்துக்குள் தாத்தா குடையை விரித்தார், மடியில் அத்தை இருந்ததால் ஆச்சியால் விலக முடியவில்லை என்பது ரூபனின் கட்சி. எனக்குத் தெரிந்ததோ கோயில் மணிக்கூண்டுப் புறா. ஆச்சி இடுப்பில் இருந்த அத்தையின் கை முறுக்குக்குப் பாய்ந்து ஆச்சியின் நெற்றியைக் கொத்தியது. என்னிடம் அந்தப் புறாவின் நிறத்தைக்கூடச் சொல்லியிருக்கிறாள்.

கடைசியில் அப்பாவைக் கேட்டோம். அவர் முப்பத்தைந்து வருடம் மழைமானியைப் பார்த்து மழை அளந்தவர். இரண்டு மில்லிமீட்டரை மூன்று என்று ஒருநாளும் எழுதாதவர். அவருக்கே தெரியவில்லை.

"நான் விடுதியில படிச்சிட்டு இருந்தேன். லீவுக்கு வந்தப்ப அம்மா நெத்தியில கட்டு. தோள்ல பியூலா தூங்கிட்டு இருந்தா. என்னாச்சும்மான்னேன். பியூலாவைத் தூக்கிட்டு நிக்கையில ஃபிரிட்ஜ் கதவு தானா திறந்துக்கிட்டு இடிச்சுருச்சுன்னா."

எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்து முடித்ததும் கிப்சன் ஒரு யோசனை சொன்னான். இரண்டாவது விசாரணைக்குப் பத்து நாள் இருக்கிறது. தினம் சாயங்காலம் கூடுவோம். அவன் கதையை நான் மனப்பாடம் செய்துகொள்வது, என் கதையை ஜெமிலா. அப்புறம் என்ன, எல்லாவற்றுக்கும் இரண்டு சாட்சி.

"பொய்ச்சாட்சியா" என்றார் அப்பா. பத்துக் கட்டளைகளில் அது ஒன்று என்பதை யாரும் மறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். கதவை மட்டும் சாத்தவில்லை.

அந்தப் பத்து நாளைப்போல் நான் சிரித்ததில்லை. அம்மா வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். அடக்கத்துக்குப் பிறகு எல்லாருமே ஒரு மாதிரி ஒதுங்கிப்போயிருந்தோம். இப்போது ரூபன் வாயால் ஆச்சி மேடையில் மேயரைத் தள்ளி உட்காரச் சொன்ன கதை, ஜெமிலா வாயால் ஆச்சி விடிய விடிய ஊமையாக நடித்த கதை. எனக்குத் தெரியாத ஆச்சிகள் நாலு பேர் அந்தக் கூடத்துக்குள் நடமாடினார்கள். அடுத்த அறையிலிருந்து அப்பா, அது மேயர் இல்லை, துணை மேயர் என்று திருத்துவார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டுவார்.

ஆனால் பயிற்சி மட்டும் உருப்படவில்லை. நான் சொல்லிக்கொடுத்த முறுக்கு, ஜெமிலா வாயில் இரண்டாம் நாளே அதிரசம் ஆகிவிட்டது. நான்காம் நாள் புறா பருந்தாகிவிட்டது. தென்காசி ஆட்டத்தை ரூபன் சொல்லும்போது அதில் மழை பெய்தது. கிப்சன் கத்தினான். ஒரு தடவையாவது கேட்டதைக் கேட்டபடி சொல்லுங்கள் என்று கெஞ்சினான். எங்களால் முடியவில்லை. ஒரே கதையை இரண்டு முறை ஒரே மாதிரி சொல்லும் புத்தி எங்கள் இரத்தத்தில் இல்லை. ஆச்சி எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போன சொத்து அது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் அப்பா புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வந்தார்.

"நாளைக்கு நான் உள்ளதைத்தான் சொல்லப்போறேன். போன தடவை ஒண்ணை மறைச்சுட்டேன். மறைக்கிறதும் பொய்தானே? பியூலாவுக்காக நாளைக்கு அதைச் சொல்லிருவேன். வெளிய தெரிஞ்சா நீங்க யாரும் சங்கடப்படக் கூடாது" என்றார்.

என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பாசம், சான்று இல்லை என்ற அந்த வரி. ஒரு சாட்சி செல்லாது என்பது எனக்குத் தெரியும். செல்லாவிட்டாலும், யாரோ ஒருத்தியிடம் அவள் சொன்னாள் என்று ஒரு மூலையில் எழுதியாவது இருக்கட்டும். கிப்சன் மனது கஷ்டப்பட்டால் பிரியாணி வாங்கிக்கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம்.

மறுநாள் அந்த அறைக்குள் மனப்பாடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். இது ஆச்சி எனக்குச் சொன்னது, மற்றவர்களுக்கு வேறு சொல்லியிருக்கிறாள், எது நிஜம் என்று எனக்குத் தெரியாது என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் சொன்னேன். கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் கையில் இருந்த ஒரே நகையைக் கழற்றிக் கொடுத்ததுபோல இருந்தது.

முப்பிடாதி எங்களைக் கூப்பிட மூன்று மணிநேரம் ஆனது. மேசைமேல் தாள்கள் பரத்திக் கிடந்தன. கழுத்துப் பொத்தான் திறந்திருந்தது.

"பாசம் வரிக்கு ஒரு சான்று வந்திருக்கு. வாசிக்கிறேன். 'எனக்கு நீதான் உசத்தி. மத்தவங்ககிட்ட சொல்லிராத, சங்கடப்படுவாங்க.' இதுக்குச் சாட்சி அஞ்சு பேர். வார்த்தைக்கு வார்த்தை ஒண்ணு. பொண்ணுக்கு ட்டி, ஆணுக்கு லேங்கிறதைத் தவிர வேற வித்தியாசம் இல்ல."

நான் கிப்சனைப் பார்த்தேன். கிப்சன் என்னைப் பார்த்தான். இருபத்து மூன்று வருடமாக நான் அவனைப் பார்த்த அதே பாவமான பார்வையை அவன் முகத்தில் பார்த்தேன்.

"உன்னை நினைச்சு எத்தனை நாள் வருத்தப்பட்டிருக்கேன் தெரியுமா" என்றான்.

"அம்பது வருசமா" என்றார் அப்பா. "அம்பது வருசமா எங்க அண்ணனை நினைச்சு நான் வருத்தப்பட்டிருக்கேன்." அவர் கண்ணைத் துடைத்தார். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஜெமிலா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். அறை முழுக்கச் சிரிப்பு. எனக்குக் கோபமும் வந்தது, உண்மையாகச் சொல்கிறேன். ஒரு நாழிகை முன்னால்வரை உலகத்தில் ஒரே ஒருத்தியாக இருந்தவள் நான்.

முப்பிடாதி எங்கள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு மற்றதையும் சொன்னார். போன முறை நிகழ்ச்சிகளை முழுசு முழுசாக ஒப்பிட்டார்களாம். இந்த முறை எல்லாருமே, இது எனக்குச் சொன்னது, மற்றவர்களுக்கு வேறு என்று சேர்த்துச் சொன்னதால், அவருக்கு ஒரு வழி தெரிந்தது.

"அவங்க சொன்னது நிஜமான்னு சட்டம் கேக்கல. அவங்க அப்படிச் சொன்னாங்களான்னுதான் கேக்குது. ஆளுக்கு ஒரு கதை சொன்னாங்கங்கிறதுக்கு அஞ்சு சாட்சி இருக்கு. அதனால இவங்க நினைவுருவுக்குக் கதை விடுறதுக்கு அனுமதி உண்டு. இப்படி ஒரு அனுமதியில நான் கையெழுத்துப் போடுறது இதுதான் முதல் தடவை."

பிறகு ஒரு தாளைத் தனியாக எடுத்தார். அதிலிருந்த கதைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒப்பிட்டது அவருடைய சொந்த யோசனையாம்.

"நெத்தித் தழும்பு. முழங்கை, குரங்கு, குடை, புறா, ஃபிரிட்ஜ் கதவு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டல, எல்லாத்தையும் தள்ளிட்டேன். தள்ளினதுக்கு அப்புறமும் ஒரு துண்டு மிச்சம் நின்னுச்சு. அஞ்சு கதையிலயும் அவங்க கையில பியூலாங்கிற குழந்தை இருக்கு. அஞ்சுலயும் குழந்தை கீழ விழல, அதுக்கு ஒரு கீறல்கூட இல்ல. அடி எப்படிப் பட்டதுன்னு யாருக்கும் தெரியாது. யாருக்காகப் பட்டதுன்னு தெரியும். இதைத் தழும்புக்கு நேரா எழுதிட்டேன்."

நாங்கள் அதை இத்தனை வருடமும் கேட்டிருந்தோம். ஒருவரும் கவனித்ததில்லை. குரங்கையும் புறாவையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்த ஐந்து பேர் சாட்சியைச் சொன்னோம். கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஹெப்சி பிறந்த அன்னைக்கு எங்கிட்டயும் சொன்னாங்க. மருமகள்னு நினைக்காத, பெத்த பிள்ளைகளைவிட நீதான் உசத்தின்னு. நான் யாருட்டயும் மூச்சு விடலையே."

அன்று சாயங்காலமே பியூலா அத்தையைக் கூப்பிட்டோம். ஆளாளுக்கு முண்டியடித்துக்கொண்டு சொன்னோம். சந்திரனுக்குப் பேச்சு போய்ப் பதில் வர மூன்று விநாடி ஆகும். அந்த மூன்று விநாடிக்கு நாங்கள் எல்லாரும் பழகியிருந்தோம். அன்றைக்கு மூன்று தாண்டியது, ஏழு தாண்டியது.

"அப்படியா" என்றாள் அத்தை. "எங்கிட்ட சொன்னதில்லையே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்புறம், கப்பலில் முப்பது கிலோதான் கொண்டுவர விடுவார்கள், உங்களுக்கு என்ன வேண்டும் என்று பேச்சை மாற்றினாள். திரை அணைந்த பிறகு எங்கள் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. ஆளாளுக்கு ஒரு மிட்டாயைச் சப்பிக்கொண்டு, அது கிடைக்காத பிள்ளையிடம் போய்ப் பெருமை அடித்துவிட்டு வந்திருக்கிறோம்.

நான் முப்பிடாதிக்குப் பேசினேன். அத்தையிடமும் அந்த வார்த்தையைச் சொல்லும்படி செய்ய முடியாதா என்று கேட்டேன். அத்தையிடம் அப்படிச் சொன்னதற்குச் சாட்சி இல்லை, சொல்லவில்லை என்பதற்குத்தான் அத்தையே சாட்சி, நினைவுரு தன்னிடம் இருப்பதை வைத்துத்தான் பேசும், தான் சொல்லிக்கொடுக்க முடியாது என்றார். தழும்பு விஷயத்தையாவது அத்தையிடம் சொல்லிவிடலாம் என்றேன் அப்பாவிடம். வேண்டாம், அம்மா விஷயத்தை அம்மாவே சொல்லட்டும் என்றார். அவருக்கு எங்கிருந்து அந்த நம்பிக்கை வந்தது என்று தெரியவில்லை. மழை வருமா என்று கேட்டால்கூட உறுதியாகச் சொல்லாத மனிதர்.

ஐம்பதாவது நாள் அத்தை வந்தாள். சந்திரனில் ஆறில் ஒரு பங்கு எடையோடு திரிந்த கால்கள் இங்கே நிற்க மறுத்தன. கிப்சனும் ரூபனும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டார்கள். கூடத்துச் சுவரில், விசில் மாட்டிய ஆணிக்குப் பக்கத்தில் கண்ணாடி இருந்தது. அத்தை வாசற்படி தாண்டினதும் ஆச்சி தலையைத் திருப்பினாள்.

"வந்துட்டியாட்டி. இம்புட்டு நேரமா? நிலாவுல இருந்து நடந்தா வாற?"

அத்தை தடாலென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுதாள், சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள். என்ன குழம்பும்மா என்று கேட்டாள். சாம்பார் என்றாள் ஆச்சி. அடுப்பங்கரையில் மீன் குழம்பு கொதிக்கிற வாசம் வந்துகொண்டிருந்தது. அம்மா அதைக் காலையிலேயே திட்டம் போட்டு வைத்திருந்தாள்.

அப்புறம் அத்தை கேட்டுவிட்டாள். எங்கள் எல்லார் முன்னாலும்தான் கேட்டாள்.

"யம்மா, எல்லாருட்டயும் நீதான் உசத்தின்னு சொன்னியாமே. எங்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?"

அப்பா என் கையைப் பிடித்தார். ஆச்சி அத்தையைப் பார்த்தாள். நடுவர் புள்ளி கொடுப்பதற்கு முன் பார்க்கிற பார்வை. பிறகு ஒற்றை விரலால் தன் நெற்றித் தழும்பைத் தொட்டுக் காட்டினாள்.

"உனக்கு வாயால வேற சொல்லணுமாக்கும்? அதான் நெத்தியிலேயே எழுதி வச்சிருக்கேனே."

எழுந்து நிற்க முடியாத காலோடு அத்தை எழுந்து, நாங்கள் பிடிப்பதற்குள் கண்ணாடிவரை போய், அந்தத் தழும்பின்மேல் கையை வைத்தாள். கண்ணாடிதான், சில்லென்றுதான் இருந்திருக்கும். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

அது எப்படி வந்ததும்மா என்று பிற்பாடு கேட்டாளாம். யானை என்றாளாம் ஆச்சி.

அதற்குப் பிறகு ஒரு வருடம் ஆகிவிட்டது. வருடத்துக்கு ஒரு முறை பதிவாளர் நேரில் வந்து, நினைவுருவோடு தனியாகப் பத்து நிமிடம் பேசிப் பார்த்து, எல்லாம் விதிப்படி இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். போன வாரம், பியூலா அத்தை மறுபடியும் விடுப்பில் வந்திருந்தபோது, முப்பிடாதி வந்தார். கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். எங்களை எல்லாம் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பத்து நிமிடம் என்றவர் வெளியே வர முக்கால் மணிநேரம் ஆனது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, அடுத்த வருடம் வருகிறேன், முடிந்தால் அதற்கு முன்பேகூட வருகிறேன் என்றார். ஆச்சி என்ன சொன்னாள் சார் என்று கேட்டேன்.

"அது அலுவலக ரகசியம்மா" என்றார்.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று ஒரு முறை திரும்பி எங்களைப் பார்த்தார். என்னை, கிப்சனை, அப்பாவை, பியூலா அத்தையை. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். இருபத்து மூன்று வருடம் நானே பார்த்த பார்வை அது. பாவம், இவர்களுக்குத் தெரியவே கூடாது என்று அவர் எங்களுக்காக இரக்கப்பட்டுக்கொண்டிருந்தார்.